காரில் ஜி.பி.எஸ். டிராக்கர்: நீங்களே பொருத்தலாம், நீங்களே பூட்டலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது, ரயில் டிக்கெட் புக் செய்வது எல்லாம் பழகிவிட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்த மாதம் ஒரு செய்முறைப் பாடம். உங்கள் கார் இப்போது எங்கே நிற்கிறது, நேற்று எந்த வழியாகப் போனது என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரில் மேப் மீது பார்க்க உதவும் ஜி.பி.எஸ். டிராக்கரை வாங்கி, பொருத்தி, பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினீயராக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய சிறிய கார் இருக்கிறது. அப்பா, தங்கை, நான் என மூன்று பேர் ஓட்டுகிறோம். காம்பவுண்டுக்குள் இடம் இல்லாததால் இரவில் தெருவில்தான் நிற்கும். அதற்காகவே ஒரு டிராக்கர் வாங்கிப் பொருத்தினேன். கருவியின் விலை 1,800 ரூபாய். பியூஸ், வயர், சிம் கார்டு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர் இணைப்பது ஒரு மணி நேர வேலை. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, டிராக்கரின் பாஸ்வேர்டுகளை மாற்றுவது. அதைச் செய்யாவிட்டால், திருடனிடமிருந்து காரைக் காப்பாற்ற வாங்கிய கருவியே காரை அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

டிராக்கர் எப்படி வேலை செய்கிறது?

டிராக்கர் சாட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி பாகங்கள் உள்ளன.

முதல் பாகம் ஜி.பி.எஸ். ரிசீவர். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். ரிசீவர் அதைக் கேட்க மட்டுமே செய்யும். குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் சுமார் 300 மீட்டர் பிசகும். எனவே இது மிக நுட்பமான கணக்கு. 1995ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கிய ஜி.பி.எஸ்.ஸில் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை, 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் சாதாரண ரிசீவர்களும் சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டத் தொடங்கின.

இரண்டாவது பாகம் ஒரு மொபைல் போன். திரையும் ஸ்பீக்கரும் இல்லாத போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சிம் கார்டு வேண்டும். ரிசீவர் கணக்கிட்ட இடத்தை இந்தப் போன்தான் எஸ்.எம்.எஸ். ஆகவோ, இன்டர்நெட் டேட்டாவாகவோ அனுப்புகிறது. ஆகவே டவர் இல்லாத இடத்தில் கார் இருந்தால், இடம் தெரிந்தும் டிராக்கரால் சொல்ல முடியாது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் இதே கதைதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. எந்த நெட்வொர்க்? விலை குறைந்த பல மாடல்கள் 2ஜி மட்டுமே கொண்டவை. ஜியோவில் 2ஜி கிடையாது. எனவே ஜியோ சிம் போட எண்ணினால் 4ஜி மாடல்தான் வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடினாலும் 4ஜி வாங்குவது நல்லது.

2. வயர் மாடலா, ஓ.பி.டி. மாடலா? காரைச் சர்வீசில் சோதிக்கப் பயன்படும் ஓ.பி.டி. சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். அதில் செருகும் டிராக்கருக்கு வயர் வேலையே இல்லை. ஆனால் திருடனும் ஒரு நொடியில் பிடுங்கிவிடுவான். வயர் மாடலை டேஷ்போர்டுக்குள் மறைத்து வைக்கலாம். இந்தக் கட்டுரை வயர் மாடலைப் பற்றியது.

3. உள்ளே சிறிய பேட்டரி இருக்கிறதா? கார் பேட்டரியின் வயரை வெட்டினாலும் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, "மின்சாரம் துண்டிக்கப்பட்டது" என்று எச்சரிக்கை அனுப்ப இது வேண்டும்.

4. கார் 12 வோல்ட் என்றாலும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை போகும். 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் என்று அட்டையில் குறித்திருக்கும் மாடலாகப் பாருங்கள்.

5. உங்களுடையது டாக்ஸியா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தாது. வாடகை வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற தரச் சான்று பெற்ற கருவி தேவை. சாதாரண டிராக்கர் அதற்கு ஈடாகாது.

முதலில் மேஜை மேல் சோதனை

டிராக்கரை வாங்கியவுடன் காரில் பொருத்திவிட வேண்டாம். மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் செட் செய்துகொண்டு பிறகு பொருத்துவதே எளிது.

உங்கள் பெயரில் வாங்கிய சிம்மை முதலில் ஒரு போனில் போட்டு, எஸ்.எம்.எஸ். போகிறதா, டேட்டா வருகிறதா என்று பாருங்கள். சிம்முக்கு பின் நம்பர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு டிராக்கரில் போட்டு, உள் பேட்டரியை ஆன் செய்து, மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். முதல் முறை சாட்டிலைட்டுகளைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமையாக இருங்கள்.

இனி உங்கள் மொபைலில் இருந்து டிராக்கர் சிம்மின் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். கட்டளைகள் அனுப்ப வேண்டும். கட்டளைகள் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் உள்ள சிறு புத்தகத்தைப் பார்த்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி பிசகாமல் டைப் செய்யுங்கள். பரவலாகக் கிடைக்கும் டி.கே.103 வகையில் அவை இப்படி இருக்கும்:

பாஸ்வேர்டு மாற்ற: பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டியே பழைய பாஸ்வேர்டு, ஓர் இடைவெளி, புதிய பாஸ்வேர்டு.

உங்கள் எண்ணைப் பதிவு செய்ய: அட்மின் என்ற சொல், ஒட்டியே பாஸ்வேர்டு, ஓர் இடைவெளி, உங்கள் மொபைல் எண்.

இன்டர்நெட் இணைப்புக்கு: ஏ.பி.என். என்ற மூன்று எழுத்து, ஒட்டியே பாஸ்வேர்டு, ஓர் இடைவெளி, சிம் நிறுவனத்தின் ஏ.பி.என். பெயர். இந்தப் பெயரை அதே சிம் போட்ட போனின் நெட்வொர்க் செட்டிங்ஸில் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கட்டளைக்கும் சரி என்று பதில் எஸ்.எம்.எஸ். வரும். வராவிட்டால் எழுத்துப் பிழையா என்று பாருங்கள். முதல் கட்டளையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காரில் பொருத்தும் முறை

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், இரண்டு பியூஸ் டேப், இரண்டு 2 ஆம்பியர் பியூஸ், இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் டை, 10 எம்.எம். ஸ்பேனர். மல்டிமீட்டர் பயன்படுத்திப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் கார் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வாரன்டியில் இருக்கும் புதிய கார் என்றால், வயரில் கை வைக்கும் முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

டிராக்கரில் பொதுவாக நான்கு வயர்கள் இருக்கும். சிவப்பு எப்போதும் மின்சாரம் உள்ள பாசிட்டிவ். கறுப்பு எர்த். இன்னொன்று ஏ.சி.சி., அதாவது சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பு. கார் ஓடுகிறதா, நிற்கிறதா என்று டிராக்கர் தெரிந்துகொள்வது இதைக் கொண்டுதான். நான்காவது, இன்ஜினை நிறுத்தும் ரிலேவுக்கானது. நிறங்கள் மாறலாம் என்பதால் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. பியூஸ் பாக்ஸைத் திறங்கள். பல சிறிய கார்களில் இது டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள்.

2. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். சிவப்பு முனை பியூஸின் தலையில் தெரியும் உலோகப் புள்ளியில். சாவி இல்லாமலேயே 12 வோல்ட் காட்டினால் அது நிரந்தர இணைப்பு. உள் விளக்கின் பியூஸ் இதற்கு ஏற்றது. சாவி போட்டால் மட்டும் 12 காட்டினால் அது ஏ.சி.சி. மொபைல் சார்ஜர் சாக்கெட்டின் பியூஸ் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

3. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் பியூஸ்களைத் தொடவே கூடாது. டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்குப் போவது. அதன் பக்கமே போக வேண்டாம்.

4. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவின் கடிகாரத்தைப் பிறகு சரி செய்ய வேண்டியிருக்கும். பரவாயில்லை.

5. தேர்ந்தெடுத்த பியூஸைப் பிடுங்கி, அதே இடத்தில் பியூஸ் டேப்பைச் செருகுங்கள். பழைய பியூஸ் டேப்பின் ஒரு பள்ளத்திலும், 2 ஆம்பியர் பியூஸ் மறு பள்ளத்திலும் போகும். சிவப்பு வயரை நிரந்தர இணைப்பின் டேப்பிலும், ஏ.சி.சி. வயரை மற்ற டேப்பிலும் இணையுங்கள். கார் வயரை வெட்டவோ சுரண்டவோ தேவையில்லை. நாளை கழற்றினாலும் அடையாளம் இருக்காது.

6. கறுப்பு வயரை, காரின் உடலோடு நேரடியாக இணைந்த ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். பெயின்ட் இருந்தால் சற்றுச் சுரண்டிவிடுங்கள்.

7. ரிலே வயரின் முனையை டேப் சுற்றி அப்படியே மடித்து வையுங்கள்.

8. டிராக்கரை டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வையுங்கள். வானத்தைப் பார்க்க வேண்டிய பக்கத்தை அதன் மேலேயே குறித்திருப்பார்கள். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சிக்னலைத் தடுக்காது. உலோகத் தகடு தடுக்கும். டேஷ்போர்டின் மேல் வெயில் படும்படி வைத்தால் உள்ளே இருக்கும் பேட்டரி கெட்டுவிடும்.

9. வயர்கள் பெடலிலோ ஸ்டீயரிங் தண்டிலோ உரசாதபடி பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுங்கள். பேட்டரியை மீண்டும் இணைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.

கார் பேட்டரி இறங்கிவிடாதா?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். டிராக்கர் ஓய்வில் இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் கொண்ட சிறிய கார் பேட்டரியில் ஒரு மாதத்துக்கு சுமார் 14 போகும். பேட்டரி நன்றாக இருந்தால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். அதே டிராக்கர் ஓய்வுக்கே போகாமல் 80 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால், ஒன்பதே நாளில் பாதி பேட்டரி காலி! எனவே ஏ.சி.சி. வயரைச் சரியாக இணைத்து, கார் நிற்கும்போது ஓய்வுக்குப் போகும்படி செட் செய்வது முக்கியம். மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்கள் என்றால், டிராக்கரின் பியூஸைக் கழற்றிவிடலாம்.

டேட்டா செலவு மிகக் குறைவு. 30 நொடிக்கு ஒரு முறை இடம் அனுப்பினாலும், தினமும் இரண்டு மணி நேரம் ஓடும் காருக்கு 240 தகவல்கள். ஒவ்வொன்றும் சில நூறு பைட் அளவுதான். மாதம் முழுக்கச் சில எம்.பி. போதும்.

கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

முதலில் எளிய வழி. டிராக்கர் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 9.9195, 78.1193. முதல் எண் அட்ச ரேகை, இரண்டாவது தீர்க்க ரேகை. பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, தேடும் கட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் நடுவில் கமா போட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வந்து நிற்கும். எண்களை மாற்றிப் போட்டால் வட துருவத்துக்கு அருகே கடலில் போய் விழும். வரிசை முக்கியம்! புள்ளிக்குப் பிறகு நான்காவது இலக்கம் என்பது தரையில் சுமார் 11 மீட்டர். எனவே நான்கு அல்லது ஐந்து இலக்கம் இருந்தாலே காரைக் கண்டுபிடித்துவிடலாம்.

சில டிராக்கர்கள் இதே இடத்தை 0955.17 என்று அனுப்பும். இதில் 9 டிகிரி, மீதி 55.17 நிமிடம். 55.17ஐ 60ஆல் வகுத்தால் 0.9195. அதை 9உடன் கூட்டினால் 9.9195. கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டர் போதும்.

அடுத்தது, டிராக்கர் நிறுவனத்தின் வெப்சைட். புத்தகத்தில் உள்ள முகவரியைத் திறந்து, யூசர் நேம் இடத்தில் டிராக்கரின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் மேப் மீது கார் தெரியும். இதில் ஹிஸ்டரி அல்லது பிளேபேக் என்ற பகுதியில் தேதியைக் கொடுத்தால், அன்று கார் போன பாதை கோடாக வரும். நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் காட்டுகிறதா? டைம் ஸோன் சீனாவில் இருக்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் 5.30 என்று மாற்றுங்கள்.

கே.எம்.எல். பைலாக டவுன்லோட் செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோவை இன்ஸ்டால் செய்து, பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து அந்தப் பைலைத் திறங்கள். தெருத்தெருவாகக் கார் போன வழியை சாட்டிலைட் படத்தின் மீது பார்க்கலாம்.

நிறுத்தி வைத்த கார் பத்து, இருபது மீட்டர் நகர்ந்தது போல் காட்டினால் பயப்பட வேண்டாம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் வரும் தடுமாற்றம் அது. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் ஜி.பி.எஸ். கிடைக்காதபோது, மொபைல் டவரை வைத்துச் சில மாடல்கள் இடம் சொல்லும். அது ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டினாலும் ஆச்சரியமில்லை.

இனிதான் முக்கியமான பாதி: பூட்டு

என் காரின் ஒரு மாதப் பாதையை கூகுள் எர்த்தில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பைலில் எங்கள் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆனால் இரவெல்லாம் கார் நிற்கும் இடம் எங்கள் வீடு. காலை முதல் மாலை வரை நிற்கும் இடம் என் ஆபீஸ். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மணி நேரம் நிற்கும் இடம் தங்கையின் வகுப்பு. மூன்று நாள் கார் திருச்சியில் நின்றது என்றால், அந்த மூன்று நாளும் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இந்த ஒரு பைல் கிடைத்தால் போதும், எங்களைப் பற்றி அத்தனையும் தெரிந்துவிடும்.

இந்தத் தகவலுக்கு என்ன பூட்டு? விலை குறைந்த டிராக்கர்கள் பெரும்பாலும் 123456 என்ற ஒரே பாஸ்வேர்டோடுதான் வருகின்றன. யூசர் நேமாக வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் ரகசியம் அல்ல. ஒரே தொழிற்சாலையில் வரிசையாகத் தயாராகும் கருவிகளுக்கு வரிசையாகவே எண் வரும். உங்கள் எண்ணில் கடைசிச் சில இலக்கங்களை மாற்றினால் வேறொருவரின் கார். அவர் உங்கள் எண்ணுக்கு வருவதும் அவ்வளவே எளிது.

நண்பர் ஒருவர் கடையில் கொடுத்து டிராக்கர் பொருத்தியிருந்தார். அவரிடம் அனுமதி கேட்டு, என் மொபைலில் இருந்து அவருடைய டிராக்கர் எண்ணுக்கு, 123456 சேர்த்து, இடம் கேட்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். அரை நிமிடத்தில் கார் நிற்கும் இடம் எண்களாக வந்துவிட்டது. என் எண் அந்தக் கருவிக்கு அதுவரை தெரியாது. அவர் அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார்.

இது என் நண்பரின் கதை மட்டும் அல்ல. 2019 செப்டம்பரில் அவாஸ்ட் ஆன்டி வைரஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், இன்டர்நெட்டில் சுமார் 6 லட்சம் டிராக்கர்கள் 123456 என்ற பாஸ்வேர்டோடு திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் பிட்சைட் என்ற நிறுவனம், மைகோடஸ் எம்.வி.720 என்ற விலை குறைந்த கார் டிராக்கரை ஆராய்ந்து பல ஓட்டைகளை வெளியிட்டது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எச்சரிக்கை விடுத்தது. அந்தக் கருவியின் சர்வரில் மாற்ற முடியாத ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு இருந்தது. சில எஸ்.எம்.எஸ். கட்டளைகளுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. வெளியாள் ஒருவர் கார் இருக்கும் இடத்தைப் பார்ப்பதோடு, எரிபொருளையும் துண்டிக்க முடியும் என்ற நிலை.

எனவே இவற்றை இன்றே செய்துவிடுங்கள்:

1. பாஸ்வேர்டு இரண்டு உண்டு. எஸ்.எம்.எஸ். பாஸ்வேர்டு ஒன்று, வெப்சைட் பாஸ்வேர்டு ஒன்று. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இரண்டையும் மாற்றுங்கள்.

2. எஸ்.எம்.எஸ். பாஸ்வேர்டு பெரும்பாலும் ஆறு எண்கள்தான். பிறந்த தேதி, கார் நம்பர், ஏ.டி.எம். பின் நம்பர் வேண்டாம். வெப்சைட் பாஸ்வேர்டு நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கட்டும்.

3. உங்கள் வீட்டு மொபைல் எண்களை மட்டும் பதிவு செய்யுங்கள். டிராக்கர் சிம்மின் எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

4. வெப்சைட் முகவரி ஹெச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். கடைசியில் எஸ். இல்லாவிட்டால், உங்கள் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகிறது. அந்தத் தளத்தை ஆபீஸ், கடை போன்ற பொது வைஃபையில் திறக்க வேண்டாம்.

5. கடைக்காரரோ எலக்ட்ரீஷியனோ எல்லாம் செட் செய்து கொடுத்தாலும், வீட்டுக்கு வந்ததும் நீங்களே மறுபடி பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இன்ஜினை நிறுத்தும் ரிலே வேண்டாம்

"ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் திருடன் ஓட்டும் கார் நின்றுவிடும்" என்று விளம்பரம் செய்வார்கள். ரிலேவையும் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். நான் அதை இணைக்கவில்லை. ஓடும் காரில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் இரண்டு, மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் அது நடந்தால் பின்னால் வரும் லாரிக்கும் ஆபத்து. ஓட்டுவது திருடன்தான் என்பதும் நிச்சயமில்லை. மேலே சொன்ன ஓட்டைகள் உள்ள கருவியில் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்புவது யாராகவும் இருக்கலாம். இடம் சொல்லும் வேலை மட்டும் டிராக்கருக்குப் போதும்.

ஒரு படி மேலே: உங்கள் கம்ப்யூட்டரே சர்வர்

வெளிநாட்டில் எங்கோ உள்ள சர்வரில் நம் தகவல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டிராக்கார் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது.  விண்டோஸில் இன்ஸ்டால் செய்துவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு கோலன் போட்டு, 8082 என்று கொடுத்தால் அதன் பக்கம் திறக்கும். அதில் உங்களுக்கு ஒரு கணக்கைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

டிராக்கர் வாங்கும் முன்பே இதைப் பழகிப் பார்க்கலாம். பழைய ஆண்ட்ராய்டு போனில் டிராக்கார் கிளையன்ட் என்ற ஆப்பை இன்ஸ்டால் செய்து, வீட்டு வைஃபையில் உங்கள் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியையும் 5055 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்டால், பிரைவேட் நெட்வொர்க் என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். ஆப் காட்டும் அடையாள எண்ணை டிராக்கார் பக்கத்தில் புதிய டிவைஸாகச் சேர்த்தால், போன் இருக்கும் இடம் மேப்பில் வரும். செலவு ஒரு பைசா இல்லை.

உண்மையான டிராக்கரை இதில் இணைக்க, கம்ப்யூட்டர் எப்போதும் ஓட வேண்டும். வெளியிலிருந்து எட்டக்கூடிய நிலையான ஐ.பி. முகவரியை பிராட்பேண்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வாசலைத் திறந்து வைக்கும் வேலை என்பதால், கம்ப்யூட்டர் நன்றாகப் பழகிய பிறகு செய்யுங்கள். அதுவரை மேலே சொன்ன பூட்டுகள் போதும்.

இன்னும் சில குறிப்புகள்

கார் திருடு போனால் மேப்பைப் பார்த்துக்கொண்டு நீங்களே துரத்த வேண்டாம். 112க்கு போன் செய்யுங்கள். ஆர்.சி. நகலோடு போலீஸ் ஸ்டேஷன் சென்று புகார் கொடுத்து, கார் இருக்கும் இடத்தின் எண்களையும் பாதையின் பிரின்ட் அவுட்டையும் கொடுங்கள்.

அந்தக் காரை ஓட்டும் எல்லோரிடமும் டிராக்கர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் தங்கைக்குப் பிடிக்கவில்லை. "நான் எங்கே போனாலும் நீங்க பார்த்துக்கிட்டே இருப்பீங்களா அண்ணா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கார் காணாமல் போனால் மட்டும் திறப்பது, பாஸ்வேர்டு மூவருக்கும் தெரிந்திருப்பது என்று பேசி முடிவு செய்தோம். பாதை விவரம் 30 நாளுக்கு மேல் சேராமல் அழித்தும் விடுகிறோம். அடுத்தவர் காரில் அவருக்குத் தெரியாமல் டிராக்கர் வைப்பது எந்த உறவிலும் சரியல்ல. பிரச்சினையும் ஆகும்.

காரை விற்கும்போது டிராக்கரைக் கழற்றிக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கினால், ஓ.பி.டி. சாக்கெட்டிலும் டேஷ்போர்டுக்குக் கீழேயும் பியூஸ் பாக்ஸிலும் புதிதாகச் சேர்த்த வயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவரின் டிராக்கர் இன்னும் உங்கள் வீட்டு முகவரியை அனுப்பிக்கொண்டிருக்கலாம்!

ஏற்கெனவே டிராக்கர் பொருத்தியிருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இதழை மூடி வைத்துவிட்டு, வீட்டில் உள்ள வேறொரு போனில் இருந்து, 123456 என்ற பாஸ்வேர்டோடு உங்கள் டிராக்கருக்கு இடம் கேட்டு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால், மாற்ற வேண்டியது என்ன என்று உங்களுக்கே தெரியும்.